பதினேழாவது மரம் வரை

ஹாமில்டன்
1971 அக்டோபர் 9

அன்புள்ள டெல்பர்ட் அண்ணாவுக்கு எமெட் எழுதிக்கொள்வது.

நானும் கோராவும் இங்கே சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் இந்தக் குளிருக்கு என்ன சொல்கிறது?

கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை, அதில் நாலு வரி. இவ்வளவுதான் இத்தனை வருஷமாக நம் கடிதப் போக்குவரத்து. அக்டோபரிலேயே உறை வந்ததைப் பார்த்து யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பயந்திருப்பாய். அப்படி ஒன்றுமில்லை. முதுகுவலி முற்றிப்போனதால் ஆலையில் எனக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதமாக வீட்டில் இருக்கிறேன். கோரா நேற்று, "நீங்க ஆலையில இருந்தப்போ நம்ம ரெண்டு பேருக்கும் சண்டையே வந்ததில்ல" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

விஷயம் இதுதான். வருகிற பிப்ரவரியில் நான் டாலன் ஏரிக்கு வருகிறேன். முன்பு வருஷா வருஷம் வந்தேனே, அதேபோல. நீயும் நானும் கான்வாஸ் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கல்திட்டுக்குப் போய், பனிக்கட்டியில் துளை போட்டு மூன்று நாள் ட்ரௌட் மீன் பிடிக்க வேண்டும். என்னை ரயிலேற்றிவிட்டு உறைந்த ஏரிமேல் நடந்து திரும்பிய ராய்ஸ் அண்ணன் வீடு போய்ச் சேராத அந்த பிப்ரவரிக்குப் பிறகு நான் அங்கே கால் வைக்கவே இல்லை. ஆலையில் லீவு இல்லை என்று உனக்கு எழுதினேன். லீவு இருந்தது, அண்ணா. மனசுதான் வரவில்லை. இப்போதும் வரவில்லை என்றால் இனி எப்போது வரப்போகிறது? எனக்கு ஐம்பத்தெட்டு, உனக்கு அறுபத்தாறு.

ராய்ஸ் அண்ணனின் வெர்னா அண்ணி எப்படி இருக்கிறார்? கடையும் தபாலும் இன்னும் அவர் கையில்தானே?

பதிலுக்குக் காத்திருக்கும் உன் தம்பி,
எமெட்


டாலன் ஏரி
1971 நவம்பர் 2

அன்புத் தம்பி எமெட்டுக்கு,

நான் நலம். முழங்கால் நலமில்லை. கோராவுக்கு என் அன்பைச் சொல். முதுகுக்குக் கரடிக் கொழுப்பைச் சூடாக்கித் தேய்க்கச் சொல், நாற்றத்தை மட்டும் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. விறகு வேலை இருந்தது. தபாலைத் தரும்போது வெர்னா, "எமெட் கையெழுத்து. இந்த மாசத்துல எழுத மாட்டாரே" என்றாள். நான் பிரிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள். ஓய்வு வாங்கிவிட்டாய் என்று மட்டும் சொன்னேன். அவள் சுகமாகத்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு மட்டும் இன்னும் போவதில்லை.

நீ வருவது பற்றி. கல்திட்டில் இப்போது மீன் இல்லை. போன இரண்டு வருஷமாக உதவாத பர்பட் மீன்தான் வருகிறது, விலாங்கு மாதிரி கையைச் சுற்றிக்கொண்டு. ஜூலையில் வா. படகில் போகலாம், கோராவையும் அழைத்து வா. குளிர்காலம்தான் வேண்டுமென்றால் தெற்கே லாக்கட் ஏரி இருக்கிறது. அங்கே பனிமேல் மரக்குடில் கட்டி அடுப்பும் வைத்து வாடகைக்கு விடுகிறார்கள். கார் அதுவரை போகும். நான் ரயிலில் அங்கே வந்து உன்னைச் சந்திக்கிறேன். உன் முதுகுக்கும் அதுதான் நல்லது.

அன்புடன்,
டெல்பர்ட்


ஹாமில்டன்
1971 நவம்பர் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கரடிக் கொழுப்பு பற்றிச் சொன்னேன். கோரா மூக்கைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். மற்றபடி நலம்.

லாக்கட் ஏரியா? நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டே மீன் பிடிப்பார்களே, அங்கேயா? நம் அப்பா கல்லறையிலிருந்து எழுந்து வந்து உதைப்பார். என்னிடம் உன் சாக்குப்போக்கு பலிக்காது. சாமான்களை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டேன். துளை போடும் திருகு புதிதாக வாங்கியிருக்கிறேன், பழைய கடப்பாரையையும் கொண்டுவருகிறேன். முந்நூறு அடித் தூண்டில் நூல் இரண்டு சுருள், வெள்ளித் தூண்டில் ஆறு, கம்பளி ஃபெல்ட் பூட்ஸ். பன்றிக்கொழுப்பு, பீன்ஸ், பேனக் ரொட்டிக்கு மாவு, டின் பால் எல்லாம் என் பொறுப்பு. தூண்டில் இரைக்கு உப்புப் போட்ட ஹெர்ரிங் மீன் மட்டும் நீ எடுத்து வை.

மீன் இல்லையாம்! கடைசியாக வந்தபோது நான் பிடித்ததை மறந்துவிட்டாயா? கிளம்புவதற்கு முதல் நாள். நீ விறகு பிளந்துகொண்டிருந்தாய், ராய்ஸ் அண்ணன் அண்ணிக்கு அலமாரி அடித்துக்கொண்டிருந்தான். நான் தனியாகக் கல்திட்டுக்குப் போனேன். அறுபது அடி ஆழத்தில் பதினொரு பவுண்டு! திரும்பி வரும்போது ஏரி குறுகுகிற இடுக்குக்கு முன்னால் பாதை வளைகிற இடத்தில் காற்றுக்கு மறைவாக உட்கார்ந்தேன். போன வருஷத்து மரம் மூன்று அங்கே காய்ந்து சிவந்து நின்றது. பிடுங்கித் தீயில் போட்டுத் தேநீர் வைத்தேன். மீனைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு, அப்படி ஒரு தேநீரை நான் வாழ்நாளில் குடித்ததில்லை. சந்தோஷமாக இருந்த கடைசி நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

நீ இன்னும் ஏரிப் பனிமேல் வழி காட்டப் பாதை மரம் நடுகிறாயா, அல்லது வேறு யாராவது செய்கிறார்களா?

அன்புடன்,
எமெட்


டாலன் ஏரி
1971 டிசம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

உங்கள் இருவர் நலமும் அறிந்தேன். நான் அப்படியேதான் இருக்கிறேன். ஏரி நவம்பர் 26-ல் மூடியது. கறுப்புப் பனிக்கட்டி ஒன்பது அங்குலம், நல்ல கெட்டி. இடுக்கில் ஆறு வந்து கலக்கிற இடத்தில் மூன்று அங்குலம்கூட இல்லை. அங்கே எந்த வருஷம்தான் இருந்தது?

பாதை மரம் நான்தான் நடுகிறேன். ரயில் நிறுத்தத்திலிருந்து நம் கரைவரை முப்பத்தொன்று. பச்சை ஸ்ப்ரூஸ் கன்று, இடுப்புயரம். ஒவ்வொன்றாக அன்றைக்கே வெட்டி அன்றைக்கே நடுகிறேன். பழையதைக் கையால் தொடுவதில்லை.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ வந்தே தீருவேன் என்கிறாய், ஆகவே சொல்கிறேன். வளைவில் நிற்கும் மூன்று மரம், பதினெட்டு, பத்தொன்பது, இருபது, அவை நிற்பதில்லை. வருஷா வருஷம் நட்டுத் தண்ணீர் ஊற்றி உறையவிடுகிறேன். மறுநாள் போனால் மூன்றும் படுத்துக் கிடக்கின்றன. மற்ற இருபத்தெட்டும் காற்றுக்கு அசையாமல் நிற்கும். அடியில் நீரோட்டம் இருப்பதால் பிடிப்பதில்லை என்று மற்றவர்களிடம் சொல்கிறேன். அதுவே காரணமாகவும் இருக்கலாம். வாரத்துக்கு இரண்டு முறை போய் நிமிர்த்துகிறேன். ரயில் நிறுத்தத்திலிருந்து வரும்போது என் நாய் டஃபி பதினேழாவது மரத்தோடு உட்கார்ந்துவிடும், அடித்தாலும் வராது.

ராய்ஸ் பனி பெய்யும்போது நடந்தால் மரத்தைச் சத்தமாக எண்ணிக்கொண்டே வருவானே, நினைவிருக்கிறதா? நாம் கேலி செய்வோம். மங்கலான வெளிச்சத்தில் பனி விழும் நாட்களில் எனக்கு அது கேட்கிறது. பிற்பகல் நாலு மணி இருக்கும். ரயில் நிறுத்தத்துப் பக்கமிருந்து வருகிறது. பதினைந்து, பதினாறு, பதினேழு. அதற்கு மேல் இல்லை. மீதி நேரமெல்லாம் நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கிழவனுக்குக் காதும் புத்தியும் கெட்டுப்போயிற்று என்று வைத்துக்கொள். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் வராதே, தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்படியும் வந்தால் ஏரிமேல் நிற்கிற எந்த மரத்தையும் எரிக்காதே. காய்ந்திருந்தாலும் எரிக்காதே.

டெல்பர்ட்


ஹாமில்டன்
1971 டிசம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். கோராவுக்குச் சளி, மற்றபடி நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். தனியாக ஏரிக்குப் போகாதே.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ ஏன் என்னை வர வேண்டாம் என்கிறாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உனக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்தே என்னைக் காப்பாற்றியிருக்கிறாய். இனி மறைத்துப் பயனில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த விஸ்கி பாட்டிலை ராய்ஸ் அண்ணனுக்குக் கொடுத்தது நான்தான்.

பெட்டி கனமாக இருந்ததால் தபால் வண்டியில் கரைவழியாகச் சுற்றிக்கொண்டு ரயில் நிறுத்தத்துக்குப் போனோம். வண்டி அங்கிருந்து வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது, அதனால் அவன் ஏரிமேல் நடந்து திரும்புவதாகச் சொன்னான். ரயில் வந்ததும் என் பையிலிருந்த ரை விஸ்கியை எடுத்து அவன் கையில் திணித்தேன். கல்யாணத்தன்று அண்ணிக்கு வாக்குக் கொடுத்து அவன் குடியை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். அவன் திருந்தினது எனக்கு என்னவோ போலிருந்தது, அண்ணா. பழைய ராய்ஸ் வேண்டும் எனக்கு. அவன் சிரித்தான். "எனக்கு வேணாம்டா. டெல்பர்ட்டுக்குக் குடுத்துடறேன்" என்று கோட்டுக்குள் போட்டுக்கொண்டான். நான் நம்பவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் பிளைன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊர் என்ன சொன்னது என்று கேள்விப்பட்டேன். பாதையில் மரம் வரிசையாக நின்றிருக்கிறது, குடிக்காதவன் எவன் அதை விட்டு விலகி இடுக்குக்குள் போவான் என்று.

அவனைக் கொன்றது நான். அண்ணியைக் குடிகாரன் பெண்டாட்டி ஆக்கியதும் நான். இதைச் சொல்லத்தான் வருகிறேன். மீன் ஒரு சாக்கு. ஒரு தடவை அந்த வளைவில் நின்றுவிட்டு, பிறகு அண்ணி முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் செத்தால் எனக்கு எங்கேயும் இடம் கிடையாது.

எமெட்


ஹாமில்டன்
1972 ஜனவரி 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமென்றால் திட்டி எழுது, தாங்கிக்கொள்வேன். இந்த மௌனம்தான் முடியவில்லை. தபால்காரர் தெருமுனையில் வரும்போதே நான் வாசலில் நிற்கிறேன், கோரா என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். பிப்ரவரி 16, புதன்கிழமை ரயிலுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன்.

எமெட்


டாலன் ஏரி
1972 ஜனவரி 16

எமெட்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதி எழுதி அடுப்பில் போட்டேன், அதனால் தாமதம்.

பாட்டில் திறக்கப்படவில்லை.

இரண்டாம் நாள் அவனை வெளியே எடுத்துக் கொட்டகையில் கிடத்தியபோது நான்தான் கோட்டைக் கழற்றினேன். உள்பையில் இருந்தது. மூடியில் முத்திரை அப்படியே இருந்தது. எனக்குக் கொடுப்பதாகச் சொன்னான் அல்லவா, கொடுக்கத்தான் கொண்டுவந்திருக்கிறான். அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. நீ பன்னிரண்டு வருஷமாகச் சுமந்தது உன் பாவம் அல்ல, கீழே இறக்கி வை.

நீ வெர்னாவிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. இதற்கு மேல் என்னை ஒன்றும் கேட்காதே.

டெல்பர்ட்


ஹாமில்டன்
1972 ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை.

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். படித்ததும் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். கோரா ஓடிவந்து, "யாரு? டெல்பர்ட்டா?" என்றாள். இல்லை, ராய்ஸ் அண்ணன் குடிக்கவில்லையாம் என்றேன். அவள் முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்போ ஏன் பாதையை விட்டுப் போனாரு?"

கேட்காதே என்றாய். கேட்காமல் எப்படி இருப்பது? ஏரியில் பிறந்து வளர்ந்தவன். குடிக்கவில்லை. மரம் மரமாக எண்ணிக்கொண்டு வருகிறவன். அவன் ஏன் விலகினான்?

அவன் செத்தபோது நீ எனக்கு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்தேன். "காவலர் வந்து பார்த்தார். வளைவில் மூன்று மரமும் பச்சையாக நேராக நிற்பதை அவரே பார்த்துக் குறித்துக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அதை ஆறுதலாகப் படித்தேன், உன் மேல் குற்றமில்லை என்று.

அண்ணா, காவலர் அதைப் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பு நான் அந்த வளைவில் தேநீர் வைத்தேன். அங்கே பச்சை மரம் ஒன்றுகூட இல்லை. காய்ந்தது மூன்றுதான் நின்றது. அந்த மூன்றையும் நான் எரித்தேன். காய்ந்ததால் பாதை மரம் அல்ல, யாரோ காற்றுத் தடுப்புக்குக் குத்தி வைத்த போன வருஷத்து மிச்சம் என்று எடுத்தேன். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தானே எடுப்போம்? பச்சையைத் தொட்டால் அப்பா தோலை உரித்திருப்பார், காய்ந்ததைக் கேட்க ஆளில்லை.

நான் எரித்த இடத்தில் பச்சை மரம் எப்படி முளைத்தது?

எந்த மரத்தையும் எரிக்காதே, காய்ந்திருந்தாலும் எரிக்காதே என்று டிசம்பரில் எழுதினாயே. இதுவரை ஒருநாளும் நீ எனக்கு அப்படிச் சொன்னதில்லை. உள்ளதைச் சொல். எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் சொல்.

எமெட்


டாலன் ஏரி
1972 ஜனவரி 31

தம்பி,

கோராவுக்குச் சளி போய்விட்டதா? கேட்க மறந்துகொண்டே இருக்கிறேன்.

சொல்கிறேன்.

நீ ரயிலேறிய அந்தப் புதன்கிழமை பிற்பகலில் கண் தெரியாத பனி. ராய்ஸ் வரவில்லை. பிளைன் வீட்டில் தங்கிவிட்டான் என்று நினைத்தேன். வெர்னா வந்து, "அவர் தங்க மாட்டார், போய்ப் பாருங்க" என்றாள். மறுநாள் வெளுத்ததும் போனேன். நம் கரையிலிருந்து மரத்தை எண்ணிக்கொண்டே போனேன். முப்பத்தொன்றிலிருந்து இருபத்தொன்று வரை இருந்தது. அதற்கு அப்புறம் வெறும் பனி. தூரத்தில் பதினேழு. நடுவில் ஒன்றுமில்லை. இடுக்கில் புதிதாக உறைந்த வட்டம் ஒன்று தெரிந்தது. ஒரு பனிச்செருப்பு அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

வளைவில் பனியைக் காலால் தள்ளினேன். சாம்பல். கரிந்த மூன்று அடிக்கட்டை. உன் தேயிலைப் பொட்டலத்துக் காகிதம். நீ கிளம்புவதற்கு முதல் நாள் மீனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து தேநீரைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. பாதி காதில் வாங்கியிருந்தேன்.

நீ செய்ததில் தப்பில்லை, எமெட். காய்ந்த மரத்தை எவனும் எடுப்பான். அந்த இடத்தில் காய்ந்த மரத்தை நட்டதுதான் தப்பு. நட்டவன் நான். அந்த டிசம்பரில் இருபத்தெட்டு வெட்டி முடித்தபோது கை விறைத்துவிட்டது. கரையில் போன வருஷத்துக் குவியல் கிடந்தது. மூன்றுதானே என்று உருவிக்கொண்டு போய் நட்டேன். ஏரியிலேயே ஆபத்தான இடத்தில். பச்சையாக இருந்திருந்தால் நீ தொட்டிருக்க மாட்டாய், அவன் பதினெட்டைப் பார்த்துத் திரும்பியிருப்பான்.

உன்னைக் காப்பாற்றத்தான் எல்லாம் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். அது பாதிதான் உண்மை. அங்கே நின்றபோது முதலில் நினைத்தது என்னைத்தான். பாதை போட்டவன் டெல்பர்ட், சோம்பேறித்தனத்தில் தம்பியைக் கொன்றான் என்று ஊர் சொல்லும். நான் சாம்பலைத் தோண்டி எடுத்து இடுக்கில் கொட்டினேன். கரைக்குப் போய் மூன்று பச்சை மரம் வெட்டி வந்து நட்டேன். அதன் பிறகுதான் ஆட்களைக் கூப்பிடப் போனேன். ராய்ஸ் தண்ணீருக்குள் கிடக்கும்போது நான் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

பாட்டிலை எடுத்து ஒளித்ததும் அதற்காகத்தான். முத்திரை உடையாத பாட்டில் கிடைத்தால், நிதானமாக இருந்தவன் ஏன் விலகினான் என்று காவலர் கேட்பார். குடித்தான் என்றால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். பிளைன் ஒரு பாட்டிலைப் பார்த்ததாகச் சொன்னார். காவலர் என்னிடம், "குடிப்பாரா?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். வெர்னா பக்கத்தில்தான் நின்றாள்.

பாட்டில் கொட்டகையில் ஆணிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.

உன்னை வராதே என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். உனக்கு இது தெரியக் கூடாது என்று நினைத்தேன். நீ விஸ்கிக்காக அழுதுகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. இப்போது உன் தலையில் இன்னொன்றைத் தூக்கி வைத்துவிட்டேன்.

டெல்பர்ட்


ஹாமில்டன்
1972 பிப்ரவரி 6

அண்ணா,

கோராவுக்குச் சளி போய்விட்டது.

மூன்று நாள் உன்னை வெறுத்தேன். நாலாவது நாள் முடியவில்லை. நீ கரையில் நின்று அவன் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்ற நினைப்பு வந்துவிட்டது.

புதன்கிழமை வருகிறேன். சீட்டு இருக்கிறது. நடந்தே வருகிறேன், தபால் வண்டி வேண்டாம். நான் செய்ததை அண்ணியிடம் நானே சொல்வேன். நீ செய்தது உன்னுடையது. நான் அங்கே வந்து இறங்கும்போது அது அண்ணிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அதையும் நானே சொல்வேன். உன்னைவிட அண்ணிக்கு நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

எமெட்


டாலன் ஏரி
1972 பிப்ரவரி 11

அன்புத் தம்பி எமெட்டுக்கு,

நலம். கோராவைத் தைரியமாக இருக்கச் சொல்.

இந்தக் கடிதத்தை ரயில் கார்டிடம் கொடுத்தனுப்புகிறேன். வெர்னா என்னைக் கடைக்கு வர வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

நேற்று பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். தபால் மேடைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மூடி திறக்கவே இல்லையா?"

"இல்ல."

"அப்போ அவர் எனக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்தியிருக்கார்." பாட்டிலை மேடைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "பன்னெண்டு வருஷமா அவர் படத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சிருக்கேன். அது உங்களுக்குத் தெரியும். இங்க வந்து காபி குடிக்கிறப்போல்லாம் பார்த்துட்டுத்தான் போனீங்க."

அந்த மூன்று மரத்தை எடுத்தது யார் என்று கேட்டாள். அதை மட்டும் நான் சொல்லவில்லை. அவள் முட்டாள் அல்ல, எமெட். உன் கடிதங்கள் எல்லாம் அவள் கை வழியாகத்தான் வந்தன. "வரட்டும். வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்" என்றாள். பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள், நான் வெளியே வந்தேன். திரும்பிப் பார்த்தபோது உள்ளே படத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

பாட்டில் அவள் மேசைமேல் இருக்கிறது. யாரும் திறக்கக் கூடாதாம்.

இப்போது பயண விஷயம். பனிக்கட்டி இருபத்திரண்டு அங்குலம், மேலே ஓரடிப் பனி. ஃபெல்ட் பூட்ஸ் போதும், பனிச்செருப்பு நான் கொண்டுவருகிறேன். ஹெர்ரிங் எடுத்து வைத்துவிட்டேன். கல்திட்டில் மீன் இல்லை என்று சொன்னது பொய். போன வாரம் ஒன்பது பவுண்டு ஒன்று வந்தது.

வளைவில் அந்த மூன்றும் மறுபடி விழுந்துவிட்டன. இந்தத் தடவை நான் நிமிர்த்தவில்லை. பிடுங்கிக் கரையில் போட்டுவிட்டேன். நீ வருகிற அன்று காலையில் புதிதாக மூன்று வெட்டி, கைச் சறுக்குவண்டியில் வைத்து ரயில் நிறுத்தத்துக்கே கொண்டுவருவேன். கடப்பாரையும் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கும். பனி பெய்யும் என்று வானொலியில் சொல்கிறார்கள். பெய்தாலும் நடப்போம், நான் முன்னால் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

பதினேழாவது மரத்தில் நாய் உட்கார்ந்துவிடும். நானும் அங்கேயே நின்றுவிடுவேன். அங்கிருந்து நீ போ. மூன்றையும் நீ நடு. நடும்போது வாய்விட்டு எண்ணு, தம்பி. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அவனுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக எண்ணு.

உன் அண்ணன்,
டெல்பர்ட்